நன்னாரிப் போத்தலில் ஏறிய குதிரை

சர்பத் கம்பனியில் வேலை செய்தால் நாள் முழுக்க இனிப்பைப் பற்றிப் பேசலாம் என்று நம்பித்தான் சேர்ந்தேன். சர்பத் வாங்குகிறவர்கள் சர்பத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போத்தலின் பின்னால் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு நீங்கள் கோபத்தில் எப்போதாவது அழைத்திருந்தால், மறுபக்கத்தில் கேட்டும் கேட்காத குரலில் "ஹலோ" சொன்னது என்னைப் போன்ற ஒருத்திதான். நீங்களும் அந்த மறுபக்கத்தில் இருக்கிறவர் என்றால் என் நிலைமையை விளக்கத் தேவையில்லை. நான் கூச்சக்காரி. மணி அடித்தால், சொல்லவேண்டிய முதல் வசனத்தைத் தாளில் எழுதிவிட்டுத்தான் போனைத் தூக்குவேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் கிடைத்த வேலை இது.

எங்கள் கம்பனி கல்முனையில், கடற்கரைக்குப் போகிற ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். நன்னாரி வேர் அவித்துப் போத்தல் நிரப்புகிற பெண்களுக்குப் பரீதா ராத்தா பொறுப்பு. வான் வண்டியில் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர் றிஸ்வி காக்கா. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நான்.

குதிரை வந்த விதம்

எங்கள் பழைய லேபலில் ஒரு சிவப்பு கிளாஸும் மஞ்சள் ஸ்ட்ரோவும் இருந்தன. சுப்பர் மார்க்கட்காரர்கள் அதைக் கீழ்த் தட்டில், கால் படுகிற இடத்தில் அடுக்குகிறார்கள் என்று ஹாஜியாருக்குக் கவலை. "கொழும்புச் சாமான் மாதிரி ஒண்டு செய் புள்ள" என்றார். நான் இணையத்தில் பழங்காலத்துப் பானங்களின் லேபல் என்று தேடினேன். இலவசமாக எடுக்கக்கூடிய ஒன்று அகப்பட்டது. மங்கிய பால் நிறத் தாள், பொன் ஓரம், பக்கவாட்டில் சரிந்த கையெழுத்து, நடுவில் பாய்கிற குதிரை. எங்கள் போத்தல் எப்போதுமே சதுரம்; உள்ளே இருப்பது கடுந்தேன் நிறம். ஒட்டிப் பார்த்தபோது, அந்த லேபல் எங்கள் போத்தலுக்கென்றே பிறந்தது போலிருந்தது. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஹாஜியாருக்குக் குதிரையைப் பிடித்துவிட்டது. அரபுக் குதிரை என்று அவரே முடிவு செய்துகொண்டார். றிஸ்வி காக்கா மட்டும் போத்தலை வாங்கி, ஒரு பக்கம் சரித்துப் பார்த்து, தாளைத் தடவி, "நல்லா இரிக்கி" என்றார். நோன்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் வியாபாரமே அந்த ஒரு மாதம்தான். வேலை இருக்கும்வரை கலியாணப் பேச்சை எடுப்பதில்லை என்று உம்மா எனக்கு வாக்குத் தந்திருந்தார். அதனால் அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் ஹாஜியார் சொன்னது என் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது: "இந்த நோன்புக்கு இந்தக் குதிரை ஓடினா நீ இரி. ஓடாட்டி எனக்குப் பழைய லேபல் போதும், கம்ப்யூட்டரும் தேவல்ல."

திறக்காத போத்தல்

புது லேபல் கடைக்குப் போன முதல் கிழமையிலேயே போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் வந்தது நிந்தவூரில் இருந்து ஒரு பெண். சர்பத்தின் ருசி மாறிவிட்டது என்றார். நான் எழுதி வைத்திருந்த வசனத்தை வாசித்தேன்: எங்கள் செய்முறை மாறவில்லை, அதே வேர், அதே சீனி. "அப்ப என்னத்துக்கு லேபல மாத்தின?" என்றார். அழகுக்காக என்றேன். "அழகுக்கு மாத்துற ஆக்கள் வேற எதையோ மறைக்கத்தான் மாத்துவாங்க. எங்கட வீட்டு மனிசனும் இப்படித்தான், புதுசா சேட் போட்டுப் போனா நான் பின்னால பாப்பன்."

எந்த விதத்தில் ருசி மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்வது என் வேலை. கசப்பா, இனிப்புக் குறைவா, வேர் மணம் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "தெரியா" என்றார். கடைசியில் எத்தனை கிளாஸ் குடித்தீர்கள் என்றேன். போத்தல் இன்னும் மூடியோடுதான் இருக்கிறதாம். பிறகு எப்படித் தெரியும் என்று, கூச்சத்தை விட்டு, கேட்டேவிட்டேன். "குடிக்கத் தேவல்ல மகள், பாத்தாலே நாக்குக்குத் தெரியுது."

கூட்டாளி ஒருத்தனின் கருத்து

பெண்கள் ருசி மாறிவிட்டது என்றார்கள். ஆண்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். பெயர் சொல்லமாட்டார்கள், ஊர் சொல்லமாட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ், இந்த லேபல் கொஞ்சம் யோசிச்சுப் போட்டிரிக்கலாம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "சும்மா சொன்ன" என்று வைத்துவிடுவார்கள். கடைகளில் இருந்தும் அதே கதைதான் வந்தது. சிலர் போத்தலைக் கையில் எடுக்கிறார்களாம், பார்க்கிறார்களாம், வாய்க்குள் சிரிக்கிறார்களாம், வைத்துவிட்டுப் போகிறார்களாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் வந்த அழைப்பில்தான் விஷயம் வெளித்தது. நிதானமான, படித்த குரல். "மிஸ், ஸ்கொட்ச்காரன் இப்படிக் குதிரை போடமாட்டான். தாள் இந்த நிறத்தில வராது. இது பேர்பன். அமெரிக்கா விஸ்கி" என்றார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டே எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெளிநாட்டில் வேலை செய்கிற கூட்டாளி ஒருத்தன் சொன்னானாம். கருத்தை யாருடைய பெயரில் பதிய என்று கேட்டதும் குரல் மாறியது. "பேர் கேக்காதீங்க மிஸ். இது அவன்ட கருத்து, எண்ட கருத்தில்ல."

வான் ஓடுகிற ஆள்

போனை வைத்துவிட்டு அந்தப் பெயரை இணையத்தில் தேடினேன். வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அதே தாள், அதே பொன் ஓரம், அதே சரிந்த எழுத்து, சதுரப் போத்தல், உள்ளே அதே நிறம். குதிரைகூடப் பக்கத்து வீட்டுக் குதிரை போலத்தான் இருந்தது. ஹாஜியாருக்கு வாழ்க்கையில் ஒரு விஸ்கிப் போத்தலைக் கிட்டத்தில் பார்க்கும் தேவை வந்ததில்லை. பரீதா ராத்தாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து மாஷா அல்லாஹ் சொல்லி நோன்புக்கு அச்சடித்திருக்கிறோம்.

ஹாஜியாரிடம் சொல்ல எழுந்தேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொன்னால் அன்றைக்கே கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிடுவார். சொல்லாவிட்டால், வேறு யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை. சொல்கிறவரிடம் அவர் முதலில் கேட்கப்போகிற கேள்வி எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போது வானில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த றிஸ்வி காக்காவின் ஞாபகம் வந்தது. போய், "காக்கா, லேபலப் பாத்த அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பெட்டியை இறக்கி வைக்காமலே பதில் சொன்னார். "எனக்கு எப்படிப் புள்ள தெரியும்? நான் வான் ஓடுற ஆள், ரோட்டைப் பாத்தே கண் பூத்துப் போச்சு."

மாமாவும் குதிரையும்

அதன் பிறகு எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம். போத்தலைப் பார்க்கிறவரின் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மூத்த மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பேச்சும் நடையும் அளந்து வைக்கிற மனிதர். மேசையில், நெய்ச்சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், என் போத்தல் இருந்தது. மாமா உட்காரும்போது அதைக் கண்டார். கண்டதும் வாசல் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, ஒரு விரலால் போத்தலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

உம்மா அதைத் திரும்பவும் எங்கள் பக்கம் திருப்பி, "மகள் செஞ்ச லேபல், பாருங்களன்" என்றார். மாமா பார்க்காமலே "வடிவு" என்றார். மூன்று தரம் உம்மா திருப்ப, மூன்று தரம் மாமா திருப்ப, சர்பத்துக்குக் குதிரை ஓடிய தூரம் போதும் என்று நான் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். மாமா போன பிறகு உம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசில இருந்தே உங்கட மாமாக்கு மிருகம் எண்டாப் பயம்."

பாராட்டு அழைப்பு

எல்லா அழைப்பும் குறைதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் என்னைப் பாராட்டுவதற்கென்றே கூப்பிட்டார். அவருடைய கோபம் எங்கள் மேல் அல்ல, அமெரிக்காக்காரன் மேல். அந்தக் கம்பனி தன் லேபலை மாற்றி நாசமாக்கிவிட்டதாம். எழுத்து மெலிந்துவிட்டதாம், தாள் வழுக்குகிறதாம், போத்தல் ஷாம்பூப் போத்தல் மாதிரி ஆகிவிட்டதாம். "லேபல மாத்தினவன் உள்ளுக்கையும் மாத்தித்தான் இரிப்பான் மிஸ். அதுக்குப் பிறகு அது வெறுந் தண்ணி" என்றார். நிந்தவூர்ப் பெண் சொன்ன அதே நியாயம். ஒருவர் சர்பத்துக்குச் சொன்னது, மற்றவர் அதற்குச் சொன்னது.

எங்கள் லேபலைப் பார்த்ததும் அவருக்குப் பழைய நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்ததாம். யார் செய்தது என்று கேட்டார். கம்பனி என்றேன். அந்தக் கம்பனிக்குத் தன் சலாத்தைச் சொல்லச் சொன்னார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. கொப்பியில் முறைப்பாட்டுக்கு ஒரு பக்கம், பாராட்டுக்கு ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதை எந்தப் பக்கம் எழுத என்று அவரிடமே கேட்டேன். "பாராட்டு எண்டு எழுதுங்க மிஸ். ஆனா எண்ட நம்பர அழிச்சிடுங்க."

டீச்சர் வீட்டு அலுமாரி

தன் பெயரையும் வீட்டையும் சொல்லி அழைத்த ஒரே ஆள், கல்முனையில் மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சர். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்களிடம்தான் சர்பத் வாங்குவார். "மகள், உன்ர லேபலால எங்கட வீட்டில ஒரு புதினம்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அவருடைய கணவருக்குப் பின்னேரத்தில் கொஞ்சம் எடுக்கிற பழக்கமாம். அதை டீச்சர் ஒளிக்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. வேலைக்கு வருகிற பெண் எங்கள் போத்தலைக் கடையில் இருந்து கொண்டுவந்து, ஐயாவின் சாமான் என்று நினைத்து, அவருடைய அலுமாரியில் அடுக்கிவிட்டாள்.

ஐயா பின்னேரம் கண்ணாடி போடாமல் எடுத்திருக்கிறார். சோடா விட்டிருக்கிறார். முதலாவது கிளாஸுக்குப் பிறகு, "இவன் இப்ப நல்லா இனிப்புப் போடுறான்" என்றாராம். இரண்டாவதுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் சரிந்து, அரசாங்கத்தைத் திட்டி, சம்பந்திக்கு மன்னிப்புக் கொடுத்து, அழுதும் விட்டாராம். டீச்சர் உண்மையைச் சொல்லவில்லை. இன்னும் மூன்று போத்தல் தனக்கு எடுத்து வைக்கச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார். "மகள், ரெண்டு கிளாஸ் நன்னாரிக்கு அந்த மனுசன் பழைய பாட்டெல்லாம் பாடி முடிச்சவர், லேபல மட்டும் மாத்திப்போடாத."

எத்தனை வருடம்?

றிஸ்வி காக்கா பொத்துவில் பக்கம் போய் வந்தால் கதையோடுதான் வருவார். அறுகம்பேயில் ஒரு தங்குவிடுதிக்காரர் எங்கள் போத்தலைக் கண்டதும் இரண்டு பெட்டி இறக்கச் சொல்லியிருக்கிறார். முன் தட்டில் வரிசையாக அடுக்கியிருக்கிறார். அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் போத்தலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாளைத் தடவி, இந்த ஊரில் இப்படி ஒன்று செய்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டு, றிஸ்வி காக்காவிடம் பீப்பாவில் எவ்வளவு காலம் ஊறியது என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் வேரை ஊறப்போடுவது பீப்பாவில்தான். ஆகவே காக்காவுக்கு அந்தக் கேள்வியில் ஒரு வித்தியாசமும் படவில்லை. மூன்று விரலைக் காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர் மூன்று வருடமா என்று கேட்க, இல்லை என்று தலையாட்டித் திருத்தியிருக்கிறார். இதைச் சொல்லும்போதும் காக்காவுக்குத் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற முகம். "மூணு நாள் எண்டு உள்ளதத்தான் சொன்னன் புள்ள, அவன் போத்தலக் கைக்குழந்தையப் போல மெதுவா வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டான்."

சங்கத்தார்

நோன்புக்கு மூன்று கிழமை இருக்கும்போது கடைக்காரர் சங்கத்தில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவர், இரண்டு அங்கத்தவர். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தல். சுற்றை அவிழ்க்காமலே மேசையில் வைத்தார்கள். தலைவர் கறாரான மனிதர். அவர் வேண்டாம் என்றால் சாய்ந்தமருது வரைக்கும் ஒரு கடையும் சாமானை ஏற்றாது. "ஹாஜியார், இது வேற ஒரு போத்தல் மாதிரி இரிக்காம். நோன்புக்கு எங்கட கடைகள்ள வெக்க ஏலா" என்றார். எந்தப் போத்தல் என்று ஹாஜியார் கேட்டார். "ஹராமான போத்தல்." ஹாஜியாரின் முகம் சிவந்துவிட்டது. "யார் சொன்ன? கண்ட ஆளக் கூட்டி வாங்க. எங்க கண்ட, என்னத்துக்கு அதக் கையில எடுத்த எண்டு நான் கேக்கணும்." மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "புள்ள, போன்ல யாரும் இப்படிச் சொன்னவங்களா? அந்தக் கொப்பியக் கொண்டா. ஒவ்வொரு நம்பரா எடுத்து இங்க வெச்சே கேப்பம்." கொப்பி என் மடியில் இருந்தது. கொடுத்தால் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், லேபல் தப்பும், என் வேலையும் தப்பும். ஆனால் அசர் தொழுகைக்கு முன் அந்த மனிதர்களின் பெயர்கள் கடைத் தெருவில் நிற்கும். எழுதி வைத்த வசனம் எதுவும் என்னிடம் இல்லை. "கொப்பி தேவல்ல ஹாஜியார். அவங்க சொல்றது சரி. நான்தான் தெரியாம எடுத்துப் போட்டன்" என்றேன். கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினேன். ஹாஜியார் பார்த்தார். திரும்ப எங்கள் போத்தலைப் பார்த்தார். "அல்லாஹ்வே" என்று கதிரையில் இருந்துவிட்டார்.

வென்ற மனிதர் அதோடு போயிருக்கலாம். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். படத்தைக் கவனமாகப் பார்த்தார். படத்தில் ஏதோ பிழை இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "இல்ல புள்ள, இது புதுசு. முந்தினதுல குதிர முன்கால் ரெண்டையும் தூக்கிரிக்கும். பின்பக்கத்துல சின்னக் கட்டம் ஒண்டு, அதுக்குள்ள போத்தல்ட நம்பரக் கையாலதான் எழுதுவான். இப்பதான் அதையும் நிப்பாட்டிட்டான்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் படத்தை விட்டுத் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. மற்ற இருவரும் இப்போது மின்விசிறியைப் பார்க்கவில்லை. ஹாஜியார் மெதுவாக, மரியாதையாக, கேட்டார்: "தலைவருக்குப் பின்பக்கமும் தெரியுமோ?"

அடுத்த லேபல்

சங்கத்தார் தேத்தண்ணீர் குடிக்காமலே போனார்கள். போகும்போது, குதிரையை மட்டும் மறைத்தால் போதும், சங்கம் ஒன்றும் சொல்லாது என்று தலைவர் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். பரீதா ராத்தாவும் பெண்களும் பச்சைத் தாளைச் சதுரமாக வெட்டி, குதிரை குதிரையாக மறைத்து ஒட்டத் தொடங்கினார்கள். ஹாஜியார் என் பக்கம் பார்க்காமலே லுஹர் தொழப் போய் வந்தார். நான் கொப்பியில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு மையால் அழித்தேன். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, அதற்குத் துணியைப் போர்த்தினேன்.

ஹாஜியார் வாசலில் நின்றார். "என்னத்துக்குப் போத்துற?" என்றார். பழைய லேபல் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "போன்ல கதைக்கவே நடுங்குற புள்ள, மூணு பேருக்கு முன்னால நான்தான் செஞ்ச எண்டு சொன்னாய். எனக்கு அப்படிச் சொல்ற ஆள்தான் தேவ. துணிய எடு, புது லேபல் செய்." நான் துணியை எடுத்தேன். அவர் விட்டபாடில்லை. இனி எதை அச்சடித்தாலும் முதலில் அந்த விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டுமாம். எங்கள் நான்கு பேரின் கண்ணும் இதற்கு உதவாதாம். அப்படி ஓர் ஆளை நான் எங்கே போய்த் தேட என்று கேட்டேன். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தலைவர்ர வீட்டுக்குப் போற வழி உனக்குத் தெரியும்தானே?"

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் எந்த லேபலைப் பற்றியும் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, சரியான கருத்து உள்ளவர்கள் மட்டும்தான் தங்கள் பெயரைச் சொல்வதில்லை.